சம்பளச் சீட்டில் எழுதப்படாத கூலி



பெங்களூரிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் சென்ற மாதம் எங்கள் மேசைக்கு வந்தது. அவருடைய மகள் ஒரு தனியார் பள்ளியில் ஆறு ஆண்டுகளாக நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறார். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். வங்கிக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஓர் அலுவலகத்திலிருந்து இதைப்போல் இரு மடங்கு தருவதாக அழைப்பு வந்திருக்கிறது. மகளோ போக மறுக்கிறார். "நடுராத்திரி வரை நோட்டுப் புத்தகம் திருத்துகிறாள். கழுத்து வலிக்கிறது என்கிறாள். ஆனாலும் பள்ளியை விடமாட்டேன் என்கிறாள். இது நல்ல வைராக்கியமா, புத்தியீனமா? நீங்களே சொல்லுங்கள் ஐயா" என்று அந்தத் தாயார் கேட்டிருக்கிறார்.

அவருக்கு மட்டும் தனியே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் நம்முடைய வாசகர் குடும்பங்களில் பெண்பிள்ளைகள் அதிகமாய்ச் சென்றிருக்கும் வேலைகளில் ஒன்று ஆசிரியப் பணி. மும்பையிலும் டெல்லியிலும் ஐதராபாத்திலும் குடியேறிய நம் குடும்பங்களில் பி.எட். முடித்த மகளோ மருமகளோ அநேகமாய் இருக்கிறார்கள். ஆசிரியர் இல்லாத வீட்டிலும் ஆசிரியரை நம்பிப் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை இருக்கிறது. ஆகவே சம்பளத்திற்கு அப்பால் ஓர் ஆசிரியரை வகுப்பறையில் மனநிறைவோடு நிறுத்தி வைப்பது எது என்று இம்மாத மடலில் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சம்பளத்திற்கு அப்பால் செல்லுமுன் சம்பளத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதைத் தாண்டிக் குதித்துப் போகிறவர்களுடைய பேச்சை நம்பாதிருங்கள். ஏழாவது ஊதியக் குழுவின்படி கேந்திரிய வித்யாலயாவில் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் வேறு. அதே நகரத்தின் சிறிய தனியார் பள்ளிகளில் இதில் பாதிகூடக் கிடையாது. கோடை விடுமுறை மாதத்தில் சம்பளமே தராத பள்ளிகள் உண்டு. ஆசிரியரின் மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. வருத்தத்தோடு இன்னொன்றும் சொல்லுகிறோம். "இது ஊழியம் அல்லவா, சம்பளத்தைப் பெரிதாக எண்ணலாமா?" என்று கேட்டுக் குறைந்த சம்பளத்திற்குக் கையெழுத்து வாங்குகிறவர்கள் நம்மவர்கள் நடத்தும் பள்ளிகளிலேயே இருக்கிறார்கள். ஊழியம் என்பது ஒருவர் தாமாக முன்வந்து தம்மைக் கொடுப்பது. மற்றொருவருடைய உழைப்பின் விலையைக் குறைப்பதற்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள நிர்வாகத்திற்கு எந்த உரிமையும் இல்லை.

சம்பளம் என்பது வெறும் பணமாகவும் இருப்பதில்லை. உத்தரப்பிரதேசத்தில் 'சிக்ஷா மித்ரா' என்னும் ஒப்பந்த ஆசிரியர்கள் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நிரந்தர ஆசிரியர்களாக ஆக்கப்பட்டிருந்தார்கள். 2017 ஜூலையில் அந்த நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அவ்வாண்டு மாநில அரசு 10,000 ரூபாய் மதிப்பூதியம் நிர்ணயித்தது. நேற்று வரை எந்த வகுப்பில் ஆசிரியராய் நின்றார்களோ அதே வகுப்பில் மறுநாள் வேறொரு பெயரில் நிற்க வேண்டியதாயிற்று. அவர்கள் இழந்தது 20,000 ரூபாய் மட்டும் அல்ல என்பது நமக்குப் புரியும்.

அப்படியானால் சம்பளத்தை இரட்டிப்பாக்கினால் காரியம் முடிந்துவிடுமா? இந்தக் கேள்விக்கு இந்தோனேசியாவில் ஒரு பெரிய சோதனையே நடந்தது. அந்நாட்டில் 2005இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், தகுதிச் சான்று பெறும் ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளத்திற்குச் சமமான தொகையைக் கூடுதலாகத் தர வழிசெய்தது. ஆராய்ச்சியாளர்கள் அரசோடு சேர்ந்து 360 பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் குலுக்கல் முறையில் தேர்ந்த 120 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு இந்தச் சலுகை முந்திக் கிடைக்கும்படி செய்து, மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். சம்பளம் கூடியவர்களுக்கு வருமானத்தில் திருப்தி உண்டாயிற்று. பணக்கவலை குறைந்தது. மாலையில் இரண்டாவது வேலைக்கு ஓடுகிறவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் பிள்ளைகளின் கல்வியில் மட்டும் எந்த முன்னேற்றமும் காணப்படவில்லை. வீட்டுக் கவலை இறங்கிற்று. வகுப்பறையில் நடந்தது மாறவில்லை.

நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டில் 3,700 பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று ஓர் ஆய்வு நடத்தினார்கள். அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் நூற்றுக்கு 25 பேர் அன்று பள்ளியில் இல்லை. சம்பளம் அதிகமாய்ப் பெறுகிறவர்கள் குறைவாக விடுப்பு எடுத்தார்கள் என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. நல்ல கட்டடமும் வசதியும் உள்ள பள்ளியிலும், தார்ச்சாலைக்கு அருகே உள்ள பள்ளியிலும், அண்மையில் அதிகாரி வந்து பார்த்த பள்ளியிலும் ஆசிரியர்கள் அதிகமாய் இருந்தார்கள். அதிகாரி வந்து பார்ப்பது என்றவுடன் பயத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் தான் செய்வதை யாரோ ஒருவர் பார்க்கிறார் என்பதும் மனிதனுக்கு ஒரு பலமே. ஆண்டுக்கணக்கில் யாரும் எட்டிப்பாராத ஒரு பள்ளியில் ஒருவர் எத்தனை நாள் உற்சாகமாய் இருக்க முடியும்?

1959இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் வேலைத் திருப்தியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர்களும் கணக்கர்களுமாகச் சுமார் 200 பேரிடம், வேலையில் மிகவும் மகிழ்ந்த வேளை எது, மிகவும் கசந்த வேளை எது என்று கேட்டறிந்து எழுதிய நூல் அது. சம்பளம், நிர்வாகத்தின் நடத்தை, வேலைச்சூழல் ஆகியவை கெட்டால் மனம் கசக்கும்; அவை சரியானால் கசப்பு நீங்கும், ஆனால் அதனாலேயே மகிழ்ச்சி பிறந்துவிடாது என்றார். மகிழ்ச்சி பிறப்பது செய்து முடித்த காரியத்திலும், அதை ஒருவர் அறிந்துகொள்வதிலும், பொறுப்பிலும், வேலையின் தன்மையிலும்தான் என்பது அவர் முடிவு. இந்தக் கோட்பாட்டை மறுத்தவர்கள் பலர் உண்டு. வாடகை கட்ட வழியில்லாதவருக்குச் சம்பளமே மகிழ்ச்சி என்பதை அனுபவித்தவர்கள் நம்மில் அநேகர். ஆயினும் கசப்பு நீங்குவது வேறு, மகிழ்ச்சி பிறப்பது வேறு என்ற பாகுபாடு நமக்கு உதவும்.

ஆசிரியர்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தவர் டான் லார்ட்டி. 1975இல் வெளிவந்த அவருடைய நூலில் புளோரிடாவின் ஒரு மாவட்டத்து ஆசிரியர்கள் அளித்த விடைகள் இருக்கின்றன. உங்களுக்கு அதிகத் திருப்தி தருவது எது என்ற கேள்விக்கு, ஏறக்குறைய முக்கால் பங்கினர் சம்பளத்தையோ பதவியையோ விடுமுறையையோ சொல்லவில்லை. மனத்தளவில் கிடைக்கும் பலனையே சொன்னார்கள். அந்தப் பலனிலும் முதன்மையானது, ஒரு மாணவன் தன்னால் கற்றுக்கொண்டான் என்று அறிகிற வேளை. நாட்டுக்குச் சேவை, நாளைய சமுதாயம் என்று மேடையில் பேசுகிற பெரிய சொற்களை ஆசிரியர் தினத்திற்கு வைத்துக்கொள்ளலாம். ஆசிரியரைத் திங்கட்கிழமை காலையில் பேருந்து ஏற வைப்பது, சென்ற வெள்ளிக்கிழமை வரை கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாதிருந்த ஒரு பிள்ளை அன்று தானாகவே வாங்கிவிட்டதே என்ற சிறு காரியம்.

இந்தக் காரியம் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இந்தப் பணியின் சங்கடம். தச்சர் கதவைச் செய்து முடித்து நிலையில் பொருத்திப் பார்க்கிறார். தையற்காரர் சட்டையைப் போட்டுக் காட்டச் சொல்லுகிறார். ஆசிரியர் ஓர் ஆண்டு உழைத்துப் பிள்ளையை அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார். அது தேறியது தம்மாலா, டியூஷனாலா, தாயின் முயற்சியாலா என்பதைத் திட்டமாய் அறிய அவருக்கு வழி இல்லை. ஆகையால் அவருடைய மனநிறைவைக் காக்க விரும்புகிறவர்கள் முதலாவது செய்ய வேண்டியது, அவர் உழைப்பின் பலன் அவர் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதாகும்.

நம் நாட்டு வகுப்பறைகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. 2024ஆம் ஆண்டின் 'அசர்' கிராமப்புற ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை. அந்த ஐந்தாம் வகுப்பு ஆசிரியையின் நிலையை எண்ணிப் பாருங்கள். டிசம்பருக்குள் இத்தனை பாடம் முடிய வேண்டும் என்று அட்டவணை சொல்லுகிறது. எதிரே பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. அவர் பாடத்தை முடிப்பார். யாருக்கும் ஒன்றும் புரிந்திராது. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும். நாள்தோறும் பலனற்ற வேலையைச் செய்கிறோம் என்ற உணர்வைப்போல் ஒரு மனிதனைக் களைப்பாக்குவது வேறொன்றில்லை. அந்தக் களைப்பை நாம் சோம்பல் என்று பெயரிட்டு அழைத்துவிடுகிறோம்.

1990களின் நடுவில் மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய 'பிரதம்' என்னும் அமைப்பு இந்த முடிச்சில் கை வைத்தது. பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்தே கற்பிக்க அக்கம்பக்கத்து இளம்பெண்களை நியமித்தார்கள். 'பால்சகி' என்று அவர்களுக்குப் பெயர். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் இத்திட்டத்தை ஆராய்ந்தபோது பிள்ளைகள் முன்னேறியது தெரிந்தது. மாதம் 500 முதல் 750 ரூபாய் பெற்ற அந்தப் பெண்களைக் காட்டி, ஆசிரியருக்கு அதிகச் சம்பளம் எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம்; அது நாளில் சில மணி நேர வேலை.

இதைவிட முக்கியமானது அரியானாவில் 2012-13 பள்ளி ஆண்டில் நடந்தது. அங்கே வெளியாட்கள் வரவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களே கற்பித்தார்கள். பள்ளி நேரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த மணி நேரத்தில் மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளின் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துக் கூட்டமாகப் பிரித்தார்கள். வட்டார ஒருங்கிணைப்பாளர்கள் முதலில் தாங்களே சில வாரம் அவ்வாறு கற்பித்துப் பழகி, பின்பு ஆசிரியர்களுக்குத் துணைநின்றார்கள். பிள்ளைகளின் இந்தி வாசிப்பு உயர்ந்தது. அந்த ஆய்வு முதன்மையாக அளந்தது பிள்ளைகளின் வாசிப்பையே. ஆனால் நம்முடைய கேள்வியோடு அதைப் படிக்கும்போது ஒன்று விளங்குகிறது. எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளை சில வாரங்களில் சொல் கூட்டும். பின்பு ஒரு வரி, பின்பு ஒரு பத்தி வாசிக்கும். அதைக் கண்ணால் காணும் ஆசிரியருக்கு வெளியிலிருந்து வேறு உற்சாகம் ஊட்ட வேண்டியதில்லை.

பலனைக் காணும் நேரத்தைத் திருடுகிறவை வேறு பல உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக்கூடாது என்கிறது. ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் விதிவிலக்கு உண்டு. அந்த விதிவிலக்கின் வழியாய் வாக்காளர் பட்டியல் வேலைக்கு வீடு வீடாய் ஏறி இறங்கும் ஆசிரியர்களை நாம் எல்லா மாநிலங்களிலும் காண்கிறோம். இதற்குமேல் பதிவேடுகளும் செயலியில் ஏற்ற வேண்டிய புகைப்படங்களும் சேர்ந்துகொள்கின்றன. தனியார் பள்ளியிலும் இதற்குக் குறைவில்லை; ஆண்டு விழா வந்தால் ஒரு மாதம் பாடம் இல்லை, சேர்க்கைக் காலம் வந்தால் துண்டுப் பிரசுரம் கொடுக்க ஆசிரியைகளைத் தெருவுக்கு அனுப்புகிறார்கள்.

1996இல் பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் 'ப்ரோப்' என்னும் குழு பள்ளிகளை நேரில் பார்த்து, 1999இல் அறிக்கை வெளியிட்டது. பல பள்ளிகளில் கற்பித்தலே நடக்கவில்லை என்று அது கண்டிப்பாய் எழுதிற்று. அதே அறிக்கை ஆசிரியர்களின் குறைகளையும் பதிவு செய்தது: ஒழுகும் கூரை, கற்பிக்கப் பொருள் இல்லாமை, தொலைதூர நியமனம், காகித வேலை, அக்கறையற்ற பெற்றோர். இமாச்சலத்தில் மட்டும் படம் வேறாயிருந்தது. அங்கே பெற்றோர் பள்ளியைத் தங்களுடையதாய் எண்ணினார்கள். ஊராருக்கும் ஆசிரியருக்கும் இடையே தூரம் குறைவாயிருந்தது.

இடமாறுதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல ஆசிரியரின் மனதை உடைக்க அவரைக் காரணமின்றித் தூரத்து ஊருக்கு மாற்றினால் போதும். கர்நாடகத்தில் 2007ஆம் ஆண்டில் ஆசிரியர் இடமாறுதலை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே இயற்றினார்கள். கலந்தாய்வில் எல்லார் முன்னிலையிலும் இடம் தெரிந்தெடுக்க வழி உண்டாயிற்று. சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் காத்திராமல் தன் உரிமையைப் பெறுவது ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு பெரிய மனநிம்மதி என்பதை, காத்திருந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

தலைமையாசிரியருக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போகும் காரணங்களை ரிச்சர்ட் இங்கர்சால் 2001இல் வெளியிட்ட ஆய்வு தொகுத்தது. குறைந்த சம்பளத்தோடு சேர்த்து, நிர்வாகம் துணைநிற்காமை, மாணவர் ஒழுங்கின்மை, பள்ளியின் தீர்மானங்களில் தங்கள் சொல்லுக்கு இடமில்லாமை ஆகியவையும் ஆசிரியர்களை வெளியேற்றின. கோபத்தோடு வரும் தகப்பனுக்கு முன்பாகத் தலைமையாசிரியர் தம் ஆசிரியரைத் தலைகுனிய வைக்கிறாரா, அல்லது முதலில் விசாரித்து அறிகிறாரா? இந்த ஒரு காரியத்திலேயே சில பள்ளிகளில் ஆசிரியர்கள் இருபது ஆண்டு தங்குகிறார்கள். சில பள்ளிகளில் இரண்டு ஆண்டில் கிளம்பிவிடுகிறார்கள். டெல்லி அரசு 2016ஆம் ஆண்டு வாக்கில் தன் பள்ளிகளில் கட்டடம், குடிநீர், துப்புரவு ஆகியவற்றைக் கவனிக்கத் தனி மேலாளர்களை நியமித்தது. குழாய் பழுதுக்கு ஓடிக்கொண்டிருந்த முதல்வர்களுக்கு வகுப்பறைப் பக்கம் வர நேரம் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். அதே ஆண்டில் 200 ஆசிரியர்களைத் தெரிந்தெடுத்து, மற்றப் பள்ளிகளுக்குச் சென்று சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பையும் கொடுத்தது. பல ஆண்டுகள் ஒரே கரும்பலகை முன் நின்ற ஒருவரிடம், நீங்கள் அறிந்ததை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்று கேட்பது பதவி உயர்வுக்குக் குறைந்த மரியாதை அல்ல.

மரியாதை என்றவுடன் பெற்றோராகிய நம்மிடம் வந்துவிட்டோம். உலகின் 48 நாடுகளிலும் பகுதிகளிலும் 2018இல் 'டாலிஸ்' என்னும் ஆசிரியர் ஆய்வு நடந்தது. இந்தியா அதில் பங்குபெறவில்லை. வளர்ந்த நாடுகளில் சராசரியாக நூற்றுக்கு 90 ஆசிரியர்கள் தங்கள் வேலையில் திருப்தி என்றார்கள். ஆனால் சமுதாயம் எங்கள் வேலையை மதிக்கிறது என்று சொன்னவர்கள் 26 பேரே. சிங்கப்பூரில் அது 72. வியட்நாமில் 90க்கும் மேல். வியட்நாம் ஆசிரியர்கள் செல்வந்தர்கள் அல்லர். ஆகவே மதிப்பு என்பது நாட்டின் பணத்தைப் பொறுத்து வருவதில்லை.

நகரங்களில் குடியேறிய நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சொந்த ஊரில் ஆசிரியர் யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்குத் தெரியும். நாம் யார் என்று அவருக்கும் தெரியும். கடைத்தெருவில் கண்டால் வணக்கம் சொல்லுவோம். நகரத்திலோ ஆசிரியை என்பவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு எண். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்த தகப்பன் இரவு பதினொரு மணிக்கு, ஏன் அரை மதிப்பெண் குறைந்தது என்று அந்தக் குழுவில் எல்லார் முன்னிலையிலும் கேட்கிறார். அடுத்த நிமிடம் நான்கு பேர் அதை வழிமொழிகிறார்கள். கட்டணம் கட்டுகிறோம், கேட்க உரிமை இல்லையா என்பார்கள். உரிமை உண்டு. ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரிடமும்கூட நாம் அப்படிப் பேசக்கூடாது என்றிருக்க, பிள்ளையை ஆறு மணி நேரம் ஒப்படைத்திருக்கும் ஒருவரிடம் பேசுவது எப்படி? அதே குழுவில், மகன் இன்று வீட்டில் நான்கு பக்கம் தானாய் வாசித்துக் காட்டினான் என்று எழுதிய பெற்றோர் எத்தனை பேர்? ஆசிரியருக்குத் தம் உழைப்பின் பலன் தெரிவதில்லை என்று மேலே பார்த்தோம். அதை வீட்டில் காண்கிறவர்கள் நாம். காண்கிற நாம்தான் சொல்லாதிருக்கிறோம்.

மராட்டிய மண்ணில் வாழும் வாசகர்கள் சாவித்திரிபாய் பூலேயின் பெயரை நன்கு அறிவீர்கள். 1848இல் புனேயில் அவரும் அவர் கணவர் ஜோதிராவும் பெண்பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார்கள். அவர் பள்ளிக்குப் போகும் வழியில் மக்கள் சேற்றையும் சாணத்தையும் எறிந்தார்கள். பள்ளிக்குச் சென்றவுடன் மாற்றிக்கொள்ள இன்னொரு சேலையை அவர் கையோடு எடுத்துச் செல்வார் என்பது வழிவழியாய்ச் சொல்லப்படும் செய்தி. அவருடைய மன உறுதியைப் பாராட்டும்போது நாம் ஒன்றை விட்டுவிடுகிறோம். அவர் தனியே நிற்கவில்லை. எழுத்தறிவித்த கணவர் கூட இருந்தார். அகமத்நகரிலும் புனேயிலும் முறையான ஆசிரியப் பயிற்சி பெற்றிருந்தார். தைரியமுள்ளவர்களுக்கும் கற்றுக்கொள்ள ஓர் இடமும், வீட்டுக்கு வந்தால் புரிந்துகொள்ள ஒருவரும் வேண்டியிருந்தது.

இப்போது அந்தத் தாயாருக்கு. சகோதரியே, மகளிடம் இருப்பாயா போவாயா என்று கேட்பதை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். அதற்குப் பதிலாகக் கவனியுங்கள். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஏதாவது பேசுகிறாளா? களைப்பு என்று அவள் சொல்லும்போது அது வேலையின் களைப்பா, யாரோ அவமதித்ததால் வந்ததா? மனம்விட்டுப் பேச ஓர் ஆசிரியத் தோழி அங்கே உண்டா? சென்ற ஆண்டு தெரியாத ஏதாவது ஒன்றை இந்த ஆண்டு கற்றிருக்கிறாளா? பெயர்கள் வந்துகொண்டிருக்குமானால் அவள் புத்தியீனமாய் ஒன்றும் செய்யவில்லை. சம்பளச் சீட்டில் எழுதப்படாத கூலி ஒன்று அவளுக்குக் கிடைக்கிறது. பெயர்கள் நின்றுபோய் நோட்டுப் புத்தகக் கட்டு மட்டும் வீட்டுக்கு வருமானால், அடுத்த பள்ளியையாவது அவள் பார்க்கட்டும். பள்ளியை விடுவது வேறு, ஆசிரியப் பணியை விடுவது வேறு.

கழுத்து வலியை அலட்சியம் செய்யாதிருங்கள். நாற்பத்தைந்து பிள்ளைகள், நான்கு பாடம் என்றால் 180 நோட்டுப் புத்தகங்கள். எல்லாவற்றையும் வாரந்தோறும் சிவப்பு மையால் நிரப்ப வேண்டும் என்பது பெரும்பாலும் பெற்றோருக்குக் காட்டுவதற்கான விதி. அதைக் குறைக்கும்படி ஆசிரியைகள் சேர்ந்து முதல்வரிடம் கேட்கலாம். சம்பள உயர்வையும் கூசாமல் கேட்கட்டும். நியமனக் கடிதம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருபது பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் பள்ளியானால் வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறதா என்று விசாரியுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து பணிசெய்த தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு. 2009ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இதை 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி செய்தது. பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்து வழக்காடியும் 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உங்கள் மகள் ஆறு ஆண்டு முடித்திருக்கிறாள். அலுவலக வேலைக்குப் போவதானாலும் இந்தத் தொகையைக் கேட்டுப் பெறாமல் போக வேண்டாம்.

கடைசியாக, சம்பளமே இல்லாத ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் கற்பிக்கும் வாலிபர்களும் தாய்மாரும் ஏன் ஓரிரு ஆண்டில் ஓய்ந்துவிடுகிறார்கள் என்று மூப்பர்கள் கேட்பதுண்டு. பணம் காரணமாயிருக்க முடியாது. ஆண்டுதோறும் வகுப்பை மாற்றிவிடுகிறோம். ஆகவே தாங்கள் கற்பித்த பிள்ளை என்ன ஆயிற்று என்று அவர்கள் காண்பதில்லை. வேறொரு கூட்டம் வந்தால் முதலில் பறிபோவது அவர்களுடைய அறை. அவர்கள் ஆராதனையில் உட்கார்ந்து எத்தனை வாரம் ஆயிற்று என்று யாரும் எண்ணுவதில்லை. ஒரே வகுப்போடு மூன்று ஆண்டு இருக்க விடுங்கள். மாதம் ஒரு ஞாயிறு மாற்று ஆளை அனுப்புங்கள். அந்த அறையின் சாவியை அவர்கள் கையிலேயே கொடுத்து வையுங்கள்.

இதைக் குறித்து உங்கள் சபையில் செய்து பார்த்த முறைகள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த மடலில், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மாலை நான்கு முதல் ஏழு மணி வரை பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.